கார் கண்ணாடியில் போட்ட அரைப்பேர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதுவது என் வேலை இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் போனேன். அதிலும் பாதி நாள் வாத்தியாரின் கோழியைத் தேடிப் பிடித்து வருவதுதான் எனக்குப் பாடம். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் பெண் வீட்டுக் கங்காணியின் மீசையைப் பிடித்து இழுத்தேனாம். இன்னொருவர் சொல்வதில் கங்காணி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு என்னை மாத்தளை டவுன் வரை விரட்டினாராம். அப்படி நடந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. மூன்று பிள்ளைகளைக் காருக்குள் வைத்துக்கொண்டு ஒரு பகல் பூராவும் அழாமல் பார்த்துக்கொண்டேன். அக்கா சொன்ன சொல்லை எழுத்துத் தவறாமல் கேட்டேன். நான் செய்தது இவ்வளவுதான். இதை மட்டும் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எனக்குப் பெண் பார்க்கப் போனோம். எங்கள் தோட்டம் கந்தப்பளைப் பக்கம். நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டபடியால் எனக்கு எல்லாம் அக்காவும் அத்தானும்தான். அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் என் வாயால் கெட்டுப்போயின. முதல் இடத்தில் தரகரின் குடையைப் பார்த்து, "அண்ணே, இந்த ஓட்டைக்கு நடுவுல துணி எப்படி வந்துச்சு" என்று கேட்டேன். அவர் குடையையும் எடுத்துக்கொண்டு பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது இடத்தில் நான் சொன்னதை எழுதினால் அக்கா இந்தத் தாளை அடுப்பில் வைத்துவிடுவாள்.

மூன்றாவது இடம் நானே கேட்டது. அதற்கு முந்திய வருஷம் மாத்தளைத் தேருக்குப் போயிருந்தேன். ஒரு வளையல் கடையில் ஒரு பெண் பச்சை வளையல்களைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சும்மா நிற்க வரவில்லை. "கடைக்காரண்ணே, இவங்க வளையல் வாங்க வரல, கை அளவு பாக்க வந்திருக்காங்க" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, வாய்க்குப் போடுற அளவுல ஏதும் வளையல் இருந்தா அவருக்கு ஒண்ணு குடுங்க."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இப்படித் திருப்பிக் கொடுத்த ஆள் அதுவரை யாரும் இல்லை. அடுத்த தேர் வருவதற்குள் அவள் யார், எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டேன். மாத்தளையைத் தாண்டி ஒரு தோட்டம். அவள் அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி, கண்டிப்பான ஆள் என்றார்கள். பார்த்தால் இவளைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா சாமிப் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினாள்.

"இதுதான் கடைசி. இதுக்கப்புறம் ஒனக்குப் பொண்ணு கேட்டு எந்த வாசப்படியும் நான் ஏற மாட்டேன். அங்க போயி நீ வாயத் தொறக்கக் கூடாது. அவரு ஏதாச்சும் கேட்டா 'ஆமாங்க'ன்னு சொல்லு. கேக்காட்டி அதுவும் வேணாம்."

"கொட்டாவி வந்தா?"

"முழுங்கு."

கற்பூரத்தைக் கொளுத்தி என்னைக் கையால் அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். எங்கள் ஆட்களுக்குக் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் விளையாட்டில்லை. சத்தியம் செய்து முடித்தபோது என் கை சுட்டதைவிட அக்காவின் முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவின் பிள்ளைகளை ஏன் கூட்டிப் போனோம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வேலை நாளில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பக்கத்துக் காம்பராவில் விடலாம் என்றால், போன முறை விட்டபோது நடுவிலான் அவர்கள் அரிசிப் பானைக்குள் பூனைக்குட்டியைத் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தான். அதிலிருந்து அந்தக் கதவு எங்களுக்குத் திறப்பதில்லை. ஆகவே பெரியவள், நடுவிலான், சின்னவன் என்று மூன்றும் காரில் ஏறின. பெரியவளுக்கு ஒன்பது வயது, அத்தானின் வாய். நடுவிலானுக்கு ஏழு வயது, என் வாய். சின்னவனுக்கு நாலு வயது, வாயைவிடக் கைதான் வேலை செய்யும்.

காரை நுவரெலியாவில் வாடகைக்குப் பிடித்திருந்தோம். டிரைவர் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார், அதுவும் தோட்டத்துத் தமிழ். முன்னால் அவரும் அத்தானும் வெற்றிலை பாக்கு வாழைப்பழத் தட்டும். பின்னால் அக்கா ஒரு கரை, நான் மறு கரை, நடுவில் மூன்று பிள்ளைகளும் ஒரு புளிச்சோற்றுப் பொட்டலமும் வாந்திக்கு ஒரு துண்டும். நான் கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த வெள்ளைச் சட்டையில் இருந்தேன். குனிந்தால் சட்டை முறியும்போல இருந்தது.

"அங்கதான பேசக் கூடாதுன்னேன்" என்றாள் அக்கா. "வாயில இருக்குறத எல்லாம் கார்லயே கொட்டித் தீத்துரு. புள்ளைங்கள அழ வுடாமப் பாத்துக்க. எனக்குத் தல சுத்தும்."

தோட்டத்து வாசலைக் கார் இன்னும் தாண்டவில்லை. நடுவிலான் கேட்டான், "மாமா, வந்துட்டமா?"

சின்னப் பிள்ளைகளோடு தூரப் பயணம் போகாதவர்களுக்கு நான் சொல்வது விளங்காது. லயத்தில் அந்த மூன்றும் நாள் முழுக்கச் சோறுகூடக் கேட்காமல் வாசலில் தண்ணீர் ஓடும் கானில் விளையாடும். காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் ஒன்றுக்குப் பசி, இன்னொன்றுக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது, ஒன்று மற்றதை இடிக்கிறது. அக்காவை விட்டால் யன்னல் பக்கம் இருந்தது நான். அதனால் மூன்றுக்கும் யன்னல் வேண்டும். மூன்றும் என் மடியில் ஏறின. நுவரெலியாவுக்கு வந்தபோது கஞ்சி போட்ட சட்டை பனியில் நனைந்த பத்திரிகைத்தாள் மாதிரி ஆகிவிட்டது.

முதலில் வளைவுகளை எண்ணச் சொன்னேன். நடுவிலானுக்கு இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். "ஒன்னுக்கு அப்பறம் திருப்பி ஒன்னா" என்று பெரியவள் அவனை அடித்தாள். அது அழுகையில் முடிந்தது. பிறகு யார் அதிக நேரம் வாய் மூடி இருக்கிறார்கள் பார்ப்போம் என்றேன். சின்னவன் மூச்சுக்கு ஒரு தரம் "நான் பேசல, நான் பேசல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு பேய்க் கதை சொன்னேன். பேய் வரும் முன்னே அக்கா என் தலையில் குட்டினாள். கடைசியில் மடியில் வைத்திருந்த டொபிகளைக் கொடுத்தேன். அமைதி வந்தது. அடுத்த மூன்று வளைவில் டொபியும் வந்தது. முக்கால்வாசி துண்டில். மீதி என் சட்டையில்.

"ஐயா, ஓரமா நிப்பாட்டுங்க, சட்டையக் கழுவணும்" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கி இன்னும் கல்யாணம் ஆகல, அதுக்குள்ள புள்ளைங்க வாந்தி எடுக்குது" என்றார். அத்தான் சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு குலுங்கியது. மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது.

சட்டையை ரோட்டோரத்தில் விழும் பீலித் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஏறினேன். பள்ளத்தில் இறங்கத் தொடங்கினோம். வெளியே பனி மூட்டம், உள்ளே எங்கள் மூச்சு. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. சின்னவன் அதில் விரலால் ஒரு கோடு கிழித்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

முன் சீட்டின் முதுகில் தப்பு அடிக்கிற மாதிரித் தட்டினேன். "பெரட்டு. எல்லாரும் வேலைக்கு வாங்க" என்றேன். விடிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பதும், கங்காணி அவரவருக்கு வேலை பிரிப்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி. மூன்றும் உடனே நிமிர்ந்தன.

"மாமா, காருக்குள்ள எப்படி நிக்கிறது?"

"மாமா யாரு? இங்க மாமா கீமா கெடையாது. கங்காணின்னு சொல்லு."

"சலாம் கங்காணி."

"ம். நீ பெரியவ, பாலம் எண்ணு. ஒரு பாலம் தப்புனாலும் பேரு இல்ல. நீ கொழுந்து லொறி எத்தன போகுதுன்னு பாரு. டேய் சின்னவனே, ஒனக்குப் புல்லு வெட்டு." சீட்டுக் கிழிசலில் தும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "ஒரு புல்லு மிச்சம் இருக்கக் கூடாது."

மீசையை முறுக்குகிற மாதிரிக் காட்டி, தொண்டையைக் கரகரப்பாக்கி, நான் எங்கள் தோட்டத்துக் கங்காணியாகவே ஆகிவிட்டேன். கண்ணாடியில் விரலால் ஒவ்வொருவருக்கும் கோடு போட்டேன். முழுக்கோடு என்றால் முழுப்பேர். அதாவது ஒரு நாள் சம்பளம். பாதிக்கோடு என்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர், பிந்தி வந்தாலும் அரைப்பேர், கங்காணிக்கு முகம் பிடிக்காவிட்டாலும் அரைப்பேர். எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரு லொறியத் தவற வுட்டுட்ட. அரைப்பேரு."

"அது லொறி இல்ல கங்காணி, பஸ்ஸு."

"கங்காணிய எதுத்துப் பேசுற. அதுக்கும் சேத்து அரைப்பேரு."

நம்புங்கள், அது பலித்தது. றம்பொடை வளைவு பூராவும் ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு பிள்ளை வந்துட்டமா என்று கேட்கவில்லை. பெரியவள் யன்னலில் நெற்றியை வைத்துப் பாலம் பாலமாக விழுங்கிக்கொண்டு வந்தாள். சின்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தும்பைப் பிடுங்கினான். அக்கா தூங்கியே விட்டாள். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

கீழே இறங்க இறங்க வெயில் வந்தது. காருக்குள் சூடேறியது. கண்ணாடியில் படிந்த ஆவி ஓரத்திலிருந்து கரைந்து, நான் போட்ட கோடுகளையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் தேயிலை மலை பளிச்சென்று தெரிந்தது.

"கங்காணி, பேரெல்லாம் அழிஞ்சிருச்சு" என்றான் நடுவிலான்.

"அழிஞ்சா என்ன, எனக்கு ஞாபகம் இருக்கு. மூணு பேருக்கும் அரைப்பேரு."

 சின்னவன் இரண்டு கையிலும் அள்ளிய தும்பைத் தூக்கிக் காட்டினான். "நான் எல்லாப் புல்லும் புடுங்குனேன்" என்றான். உதடு துடித்தது.

புசல்லாவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். பின் சீட்டைப் பார்த்த டிரைவருக்குக் குடித்த தேத்தண்ணி இறங்கவில்லை. சீட்டின் ஒரு மூலை மொட்டையாகிவிட்டிருந்தது. அவரைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்பினால், மூன்று பிள்ளைகளும் ரோட்டோரக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. பெரியவள் வாந்தித் துண்டை ஒரு குச்சியில் கட்டிக் கையில் பிடித்திருந்தாள்.

"ஏறுங்க, போவோம்."

"முழுப்பேரு போட்டாத்தான் ஏறுவோம்" என்றாள் பெரியவள். "இல்லாட்டி ஸ்ட்ரைக்."

அதற்கு முந்திய வருஷம் எங்கள் தோட்டத்தில் நடந்த ஸ்ட்ரைக்கில் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அத்தான் சங்கத்து ஆள். மகளைப் பார்த்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவங்க கேக்குறது ஞாயந்தான மாப்ள. குடுத்துட்டுப் போயேன்."

"நீங்க வேற அத்தான். இன்னிக்குக் குடுத்தா மாத்தள வரைக்கும் இவங்க சொல்றதுதான் சட்டம்."

நான் கொடுத்திருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் சட்டை ஈரம், முதுகு வலி, காலையிலிருந்து மடியில் மாறி மாறி மூன்று பிள்ளைகள். எனக்கும் கொஞ்சம் வீம்பு ஏறிவிட்டது. "அரைப்பேருன்னா அரைப்பேருதான். வேணும்னா தொரகிட்டப் போயிச் சொல்லுங்க" என்றேன். சின்னவன் ரோட்டில் படுத்துவிட்டான். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

அக்காதான் இறங்கி வந்தாள். நேரம் ஓடுகிறது, பெண் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அவள் பெரியவளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னாள்: "இவன் என்னடி கங்காணி, பொய்க் கங்காணி. நாம போற வீட்டுல நெசமான பெரிய கங்காணி இருக்காரு. அவருகிட்டச் சொல்லு, அவரு தீத்து வைப்பாரு. இப்ப ஏறு."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்தன. துண்டைக் குச்சியிலிருந்து அவிழ்த்தார்கள். ஏறினார்கள். அக்காவின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானும் சிரித்தேன். கம்பளை, பேராதனை, கண்டி என்று மாத்தளை வரை அவர்கள் எங்களிடம் வாயே திறக்கவில்லை. தலையோடு தலை வைத்து என்னவோ குசுகுசுத்தபடி வந்தார்கள். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

பெண் வீடு லயத்துக்குத் தள்ளித் தனியாக இருந்தது. கதிரைகள் போட்டிருந்தார்கள். பெரிய கங்காணி கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நடுவில் இருந்தார். மீசை, நான் காரில் முறுக்கிக் காட்டியதைவிட நீளம். வெயில் எங்கள் பக்கத்து வெயில் இல்லை, வேர்த்துக் கொட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு சட்டைக் கறையை மறைத்தபடி இருந்தேன்.

"பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டாச்சா?" என்று கங்காணி அத்தானைக் கேட்டார். எங்கள் ஆட்களை இந்த நாட்டுப் பிரஜை என்று சட்டம் ஒப்புக்கொள்ளாத அந்த நாளில் பெண்ணைப் பற்றிப் பேசும் முன்னே அதைத்தான் கேட்பார்கள்.

"போட்டாச்சுங்க. இன்னும் பதில் வரல."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி ஸ்டோர்ல வேலையா?"

"ஆமாங்க."

"தம்பி அதிகம் பேச மாட்டாப்லயோ?"

"கூச்ச சுபாவம்ங்க" என்றாள் அக்கா. வாசலில் நின்ற டிரைவருக்கு இருமல் வந்துவிட்டது.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கையில் பச்சை வளையல். கோப்பையை என் முன்னால் வைத்தபோது அவள் நிமிரவில்லை, ஆனால் உதட்டின் ஓரம் என்னவோ செய்தது. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவு மறைவில் நின்றாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கங்காணி வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அப்படி இழுத்தால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம்.

அப்போதுதான் பெரியவள் எழும்பி அவருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் மற்ற இரண்டும்.

"சலாம் கங்காணி. எங்களுக்கு ஒரு மொறப்பாடு இருக்கு."

அக்கா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கங்காணி கையை உயர்த்தினார். "வுடும்மா. புள்ள சொல்லட்டும்."

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். பாலம் எண்ணியது, லொறி பார்த்தது, புல் வெட்டியது, எல்லாம். சின்னவன் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி தும்பை எடுத்து அவர் கையில் வைத்தான். அவர் அதைக் கொழுந்து பார்க்கிற மாதிரி விரலால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரியே இருந்தார்.

"எவ்வளவு நேரம் வேல?"

"நுவரெலியாலேருந்து றம்பொட எறங்குற வரைக்கும்."

"எடையில தண்ணி குடுத்தாரா?"

"இல்ல."

"பேரு எங்க போட்டாரு?"

"கண்ணாடியில. அழிஞ்சிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, புள்ளைங்க வேல செஞ்சது நெசந்தானா?"

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இது விளையாட்டுங்க, இவங்க வாந்தி எடுத்தாங்க, சட்டையப் பாருங்க என்று. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணில் அந்தக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"ஒழுங்காச் செஞ்சாங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு அரைப்பேரு போட்ட? கங்காணின்னா அப்படித்தான் செய்வான்னு நெனப்பா?"

"ஆமாங்க."

அது தானாக வந்தது. சத்தியமாகத் தானாக வந்தது. காலையிலிருந்து பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் காய்ந்துபோன மண்டையில் அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பதே காதில் விழுந்தது.  கதவு மறைவில் வளையல்கள் கலகலத்தன. யாரோ முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், சிரித்துவிட்டார்கள்.

கங்காணியின் காது சிவந்தது. எங்கள் தட்டிலிருந்து மூன்று வாழைப்பழம் பிய்த்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். "முழுப்பேரு" என்றார். பிறகு தட்டை அத்தான் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்."

சாப்பாடு போட்டார்கள். மரியாதைக்குச் சாப்பிட்டோம். கிளம்பும்போது பெண் பெரியவளை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, வழியில் வாந்தி வந்தால் மோந்து பார்க்க என்று ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், கொடுத்து அனுப்பினாள்.

திரும்பி வரும்போது ஒரு பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை. ஒரு வளைவில் ஒரு வாந்தி இல்லை. ஒன்று மேல் ஒன்றாகச் சாய்ந்து, நியாயம் கிடைத்த ஆட்களின் தூக்கம் தூங்கின. போகும்போது அப்படித் தூங்கியிருந்தால் என்ன. எனக்கு அவர்களை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி, வந்துட்டமா வந்துட்டமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

கம்பளை வந்ததும் அக்கா தொடங்கினாள். 

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணியும் ஒன் வாயி நிக்கல."

"நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"நான் சொன்னேனா?"

"கேட்டா ஆமாங்கன்னு சொல்லுன்னு சொன்னது யாரு? அவருகிட்ட மொறப்பாடு குடுன்னு இவகிட்டச் சொன்னது யாரு?"

"வேணும்னேதான் சொன்ன. ஒன்னப் பெத்த வயித்துல பொறந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

அத்தான் முன்னாலிருந்து, "எப்படியோ, கங்காணி மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் சொல்லிட்டான்" என்றார். அக்கா அவரையும் சேர்த்துத் திட்டினாள். நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்ன சொல் கேட்டேன். அதையும் வேண்டுமென்று செய்த பகிடி என்கிறார்கள். இவர்களோடு என்னதான் செய்வது.

பெரியவள் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "மாமா, அந்த அக்கா ஒன்னு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒங்க மாமா ஏன் பேசவே இல்ல, நெசமாவே வாயிக்கு வளையல் போட்டுட்டாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்" என்று தேசிக்காயை என் கையில் வைத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். குளிர் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் மறுபடி ஆவி படிய ஆரம்பித்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நுவரெலியா வரை தேசிக்காயை மோந்துகொண்டு வந்தேன், எனக்கு வாந்தி ஒன்றும் வரவில்லை.

பதில் அதே தரகர் மூலம் வந்தது; அக்கா அவரை முன்பே சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். இடம் ஒத்து வராதாம். தரகர் இன்னொன்றும் சொன்னார். கங்காணி வீட்டுச் சமையல்கட்டிலிருந்து விஷயம் லயத்துக்குப் போய்விட்டதாம். இப்போது அந்தத் தோட்டத்துப் பெரட்டில் கங்காணி என்ன கேட்டாலும் சனம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஆளை ஆள் பார்க்கிறதாம். "அதுக்கப்பறம் அந்த மனுசன் ஒனக்கு எப்படிப் பொண்ணு குடுப்பாரு" என்று கேட்டுவிட்டு, தன் ஓட்டைக் குடையை விரித்துக்கொண்டு போனார். குடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மனம் இல்லை.

மறுநாள் ஸ்டோரில் என்னோடு அதே மெஷினில் வேலை செய்யும் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் அரைத்த கொழுந்தைத் தட்டில் வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாள் பூரா மூணு புள்ளைங்கள மேய்ச்சேன். சத்தியத்தக் காப்பாத்துனேன். சட்டையும் போச்சு, பொண்ணும் போச்சு. இவ்வளவுக்கும் எனக்கு என்னடா கெடச்சுச்சு?" என்றேன்.

அவன் திரும்பாமலே சொன்னான்: "அரைப்பேருடா, அதுவும் கண்ணாடியில."